புதிய மருந்தும் பொதுப் பணமும்

2024 ஆகஸ்ட் 22 அன்று பிரிட்டனில் ஒரே மருந்தைப் பற்றி இரண்டு அறிவிப்புகள் வெளியாயின. அல்சைமர் என்னும் மறதி நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கான ‘லெக்கானமாப்’ என்ற மருந்து அது. அதை விற்கலாம் என்று மருந்துகளுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு அனுமதி தந்தது. அரசின் தேசிய சுகாதார சேவை அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்று ‘நைஸ்’ என்ற இன்னொரு அமைப்பு அதே நாளில் தன் வரைவு அறிக்கையில் சொன்னது.

இரண்டு அமைப்புகளும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் தேடுகின்றன. மருந்து சொன்னபடி வேலை செய்கிறதா, அதன் பக்கவிளைவுகள் பொறுத்துக்கொள்ளக் கூடியவையா என்று பார்ப்பது உரிம அமைப்பின் வேலை. ஏற்கனவே இருக்கும் சிகிச்சையைவிட இது எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது, அதற்கு எவ்வளவு கூடுதல் செலவாகிறது, அந்தப் பணத்தை வேறு நோயாளிகளுக்குச் செலவிட்டால் இதைவிட அதிக நன்மை கிடைக்குமா என்று பார்ப்பது நைஸின் வேலை. லெக்கானமாப் நோய் முற்றுவதைச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் வரை தள்ளிப்போடுகிறது. 2024 அனுமதியின்படி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் டிரிப்ஸ் மூலம் ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். மருந்தின் விலையோடு இந்தச் செலவுகளும் சேர்கின்றன. 2025 ஜூனில் வந்த இறுதி வரைவிலும் நைஸ் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. வழக்கமாக ஏற்கக்கூடிய செலவைப்போல் ஐந்து ஆறு மடங்கு ஆகிறது என்பது அதன் கணக்கு.

இப்படி மருந்துகள், கருவிகள், பரிசோதனைகள், அறுவை சிகிச்சை முறைகள் ஆகியவற்றின் பலனையும் செலவையும் எடைபோடும் துறைக்கு மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்று பெயர்.

தொடக்கம்

அரசு மானியத்தில் தரப்படும் மருந்துகளின் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் செலவுக்கேற்ற பலனை நிறுவனமே கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்று முதலில் விதித்த நாடு ஆஸ்திரேலியா. அந்த விதி 1993-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தத் துறையைப் பொதுமக்கள் அறிந்த ஒன்றாக ஆக்கியது, 1999 ஏப்ரலில் இங்கிலாந்தில் தொடங்கிய நைஸ்தான்.

அங்கே மருத்துவம் பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கிறது. ஆனால் எந்தப் புதிய மருந்துக்குப் பணம் தருவது என்பதை அந்தந்த வட்டாரச் சுகாதார நிர்வாகமே முடிவு செய்துவந்தது. ஒரு தெருவில் இருப்பவருக்குக் கிடைத்த மருந்து, எல்லை தாண்டி அடுத்த தெருவில் இருப்பவருக்குக் கிடைக்காத நிலை வந்தது. அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து சிகிச்சை அமைவதால் பத்திரிகைகள் இதை ‘அஞ்சல் குறியீட்டு லாட்டரி’ என்று எழுதின. நாடு முழுவதற்கும் ஒரே முடிவு, அந்த முடிவுக்கு வெளிப்படையான காரணம் என்ற இரண்டும் தேவைப்பட்டன. மருந்தியல் பேராசிரியரான மைக்கேல் ராலின்ஸ் நைஸின் முதல் தலைவரானார். 2013 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

புதிய அமைப்புக்கு முதல் ஆண்டிலேயே சோதனை வந்தது. கிளாக்சோ வெல்கம் நிறுவனத்தின் ‘ரெலென்சா’ என்ற மருந்து, ஃபுளூ காய்ச்சலுக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் தூளாக வந்திருந்தது. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குக் காய்ச்சலின் தொல்லையை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கும் என்பதே அதன் சான்று. ஃபுளூவால் உயிராபத்து வரக்கூடிய முதியவர்களும் ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்களும் மருந்துச் சோதனைகளில் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு இம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1999 அக்டோபரில் நைஸ் பரிந்துரைத்தது. நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. கூடுதல் சான்றுகள் வந்தபின் 2000 நவம்பரில் நைஸ் முடிவை மாற்றியது. ஃபுளூ பரவும் காலத்தில், ஆபத்து அதிகமுள்ள பெரியவர்களுக்கு, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தரலாம் என்றது. எந்த நோயாளிக்கு, எந்தச் சூழலில் என்று வரையறுத்துச் சொல்லும் இந்த முறை பின்னர் வழக்கமாயிற்று. பல மருந்துகளுக்கு வரும் பதில், ‘இன்னாருக்கு மட்டும் ஆம்’ என்பதுதான்.

மதிப்பீடு நடக்கும் விதம்

முதல் வேலை கேள்வியைத் தெளிவாக வகுப்பது. மருந்து யாருக்கு, எதனுடன் ஒப்பிடப்படுகிறது, எந்த விளைவுகள் கணக்கில் வரும் என்பவை முன்கூட்டியே எழுதப்படுகின்றன. இதில் ஒப்பீடு முக்கியமானது. மருந்துச் சோதனைகள் பலவற்றில் புதிய மருந்தை மருந்தே இல்லாத போலி மாத்திரையோடுதான் ஒப்பிட்டிருப்பார்கள். நடைமுறையில் அந்த நோயாளிக்கு ஏற்கனவே ஒரு மருந்து கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த மருந்தைவிடப் புதியது எவ்வளவு மேல் என்பதே மதிப்பீட்டுக்குத் தேவையான விடை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை இல்லாதபோது, தனித்தனிச் சோதனைகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் இணைத்து மறைமுகமாக ஒப்பிடுகிறார்கள்.

அடுத்து நிறுவனம் தன் சான்றுகளையும் செலவுக் கணக்கையும் ஒப்படைக்கிறது. யார்க், ஷெஃபீல்டு, சவுத்தாம்டன் போன்ற பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழுக்கள் அவற்றைத் தனியாகச் சரிபார்க்கின்றன. நிறுவனம் சாதகமான அனுமானங்களை எங்கே வைத்திருக்கிறது, அவற்றை மாற்றினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று தேடுவதே இவர்களின் வேலை.

பின்னர் எல்லாம் மதிப்பீட்டுக் குழுவின் முன் வருகிறது. அதில் மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள், சுகாதாரப் பொருளியலாளர்கள் ஆகியோருடன் இத்துறையைச் சாராத பொதுமக்களும் உறுப்பினர்கள். நோயோடு வாழ்பவர்களும் அந்நோய்க்குச் சிகிச்சை தரும் நிபுணர்களும் குழுவின் முன் பேசுகிறார்கள். சோதனைகளின் எண்களில் தெரியாத விஷயங்கள் இங்கேதான் வெளிவரும். உதாரணமாக, மாதம் நான்கு முறை மருத்துவமனைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்வதற்கும் வீட்டிலேயே ஒரு மாத்திரை விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடு, வேலைக்குப் போகும் நோயாளிக்குத்தான் முழுதாகத் தெரியும். நிறுவனம் ரகசியமாகத் தரும் விலை பற்றிய பகுதியைத் தவிர, கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம்.

குழுவின் முடிவு வரைவாக வெளியிடப்பட்டு, கருத்துகள் பெறப்பட்டு, இறுதியாக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. ‘ஆம்’ என்று இறுதிப் பரிந்துரை வந்துவிட்டால், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் சுகாதார சேவை அந்த மருந்துக்கு நிதி ஒதுக்கியாக வேண்டும். இது சட்டக் கடமை. நைஸின் சொல்லுக்கு இத்தனை கனம் வந்ததற்கு இந்தச் சட்டமே காரணம்.

வாழ்நாளை அளக்கும் அலகு

புற்றுநோய் மருந்து ஆயுளை நீட்டுகிறது. மூட்டு மாற்று சிகிச்சை வலியைப் போக்குகிறது. மனச்சோர்வுக்கான மருந்து உயிர்ப்பைத் திருப்பித் தருகிறது. இவை மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு பொது அலகு வேண்டும். அதற்காக உருவானதுதான் ‘குவாலி’ எனப்படும் தரம் சேர்த்து எண்ணிய வாழ்நாள் ஆண்டு. முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு ஒரு குவாலி. பாதி அளவே நலமாக வாழும் இரண்டு ஆண்டுகளும் ஒரு குவாலிதான்.

‘பாதி அளவு நலம்’ என்பதை எப்படி அளப்பது? பரவலாகப் பயன்படும் ஒரு வினாத்தாள் ஐந்து விஷயங்களை மட்டும் கேட்கிறது. நடமாட முடிகிறதா, குளிப்பது உடுத்துவது போன்றவற்றைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, அன்றாட வேலைகளைப் பார்க்க முடிகிறதா, வலி எவ்வளவு, கவலையோ மனச்சோர்வோ எவ்வளவு? பழைய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், ஆக 243 விதமான உடல்நிலைகள். புதிய வடிவத்தில் ஐந்து விடைகள், ஆக 3,125 உடல்நிலைகள்.

ஒவ்வொரு உடல்நிலைக்கும் மதிப்பெண் போடுவது பொதுமக்கள். அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘இந்த உடல்நிலையில் பத்து ஆண்டு வாழ்வதா, முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவான ஆண்டுகள் வாழ்வதா, எது உங்களுக்குச் சம்மதம்?’ ஆரோக்கியமான ஆறு ஆண்டும் நோயோடு பத்து ஆண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னால், அந்த உடல்நிலையின் மதிப்பு 0.6. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. சாவைவிட மோசம் என்று மக்கள் கருதும் சில நிலைகளுக்குச் சுழிக்குக் கீழும் மதிப்பு உண்டு.

ஒரு கணக்கு

கற்பனையான ஒரு மருந்தை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பழைய சிகிச்சையில் நோயாளி 0.6 தரத்தில் 2 ஆண்டு வாழ்கிறார். அவருக்குக் கிடைப்பது 1.2 குவாலி. அதற்கான செலவு 5,000 பவுண்டு. புதிய மருந்தில் 0.7 தரத்தில் 3 ஆண்டு வாழ்கிறார், அதாவது 2.1 குவாலி. செலவு 41,000 பவுண்டு. கூடுதல் பலன் 0.9 குவாலி, கூடுதல் செலவு 36,000 பவுண்டு. 36,000-ஐ 0.9-ஆல் வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு குவாலிக்கும் 40,000 பவுண்டு ஆகிறது.

நைஸ் நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு, குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு. அந்த வரம்பில் வைத்துப் பார்த்தால் இந்த மருந்து தேறாது. ஆனால் நிறுவனம் ஒரு நோயாளிக்கான விலையில் 9,000 பவுண்டு குறைத்தால், கூடுதல் செலவு 27,000 ஆகி, குவாலிக்குச் சரியாக 30,000-த்தில் வந்து நிற்கும். நைஸுக்கு விலை நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு வெளிப்படையாக இருப்பதால், எந்த விலையில் மருந்து தேறும் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் ‘இல்லை’ என்று வந்த மருந்துகள் பல, விலைக் குறைப்புக்குப் பின் ‘ஆம்’ ஆனதன் பின்னணி இதுதான்.

உண்மையான மதிப்பீடுகளில் இந்தக் கணக்கு கணினி மாதிரியாக விரிகிறது. நோயாளி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எப்போது போகிறார், ஒவ்வொரு நிலையிலும் மருத்துவமனைச் செலவு எவ்வளவு என்றெல்லாம் அதில் சேரும். எதிர்காலச் செலவும் பலனும் ஆண்டுக்கு 3.5 சதவீதம் வீதம் குறைத்து எண்ணப்படுகின்றன. இதனால் இன்று பணம் கேட்டு இருபது முப்பது ஆண்டு கழித்துப் பலன் தரும் தடுப்பூசி போன்றவற்றின் மதிப்பு கணக்கில் கணிசமாகக் குறைகிறது.

அதிகச் சிக்கல் வருவது காலத்தால். மருந்துச் சோதனை இரண்டு ஆண்டில் முடிந்திருக்கும். கணக்கோ நோயாளியின் ஆயுள் முழுவதற்கும் வேண்டும். இரண்டாம் ஆண்டில் தெரிந்த நன்மை பத்தாம் ஆண்டிலும் அப்படியே இருக்குமா, மெல்லத் தேயுமா என்பது அனுமானம். கோட்டைச் சற்று மேலே வளைத்து நீட்டினால் மருந்து தேறிவிடும், கீழே வளைத்தால் தோற்றுவிடும். புற்றுநோய் மருந்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டி சுருங்கியது அல்லது வளராமல் நின்றது என்ற சான்றோடு உரிமம் கிடைத்துவிடுகிறது. அதனால் நோயாளி கூடுதல் நாள் வாழ்ந்தாரா என்பது அப்போது தெரிந்திருக்காது. குழுவின் விவாதத்தில் பெரும்பகுதி இத்தகைய இடங்களில்தான் செலவாகிறது.

மருந்துக்கு அப்பால்

கருவிகளுக்கும் இதே முறைதான். கடுமையான செவித்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியை 2009-ல் நைஸ் மதிப்பிட்டது. முதல் காதில் பொருத்தும் கருவியின் பலன் மிகப் பெரியது. இரண்டாவது காதிலும் பொருத்தினால் ஒலி வரும் திசை தெரியும், இரைச்சலுக்கிடையே பேச்சு விளங்கும். ஆனால் முதல் கருவி தந்த அளவு மாற்றத்தை இரண்டாவது தராது. செலவு மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குழந்தைகளுக்கு இரண்டு காதிலும் பொருத்தலாம் என்றும், பெரியவர்களுக்கு ஒரு காதில் போதும் என்றும் முடிவாயிற்று. பார்வையற்றவர்கள் போல, செவியையே அதிகம் நம்பி வாழும் மாற்றுத்திறனாளிப் பெரியவர்களுக்கு இரண்டு காதிலும் பொருத்த விலக்கு தரப்பட்டது. ஒரே கருவி, ஒரே விலை. ஆனால் அடுத்த ஒன்று தரும் கூடுதல் நன்மை யாருக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை மாறியது.

வரம்பும் விலக்கும்

வரம்பு என்ற ஒன்று ஏன் இருக்க வேண்டும்? சுகாதார சேவையின் ஆண்டு நிதி ஓர் அளவுக்கு உட்பட்டது. புதிய மருந்துக்குப் போகும் பணம் ஏதோ ஒரு செவிலியரின் சம்பளத்திலிருந்தோ, தள்ளிப்போகும் அறுவை சிகிச்சையிலிருந்தோதான் எடுக்கப்படுகிறது. புதிய மருந்தால் பிழைப்பவர் யார் என்று தெரியும். அவருடைய முகம் தொலைக்காட்சியில் வரும். நிதி குறைந்ததால் சிகிச்சை தாமதமானவர் யார் என்று அவருக்கே தெரியாது. அந்த இரண்டாவது நபரையும் கணக்கில் கொண்டுவரும் வழிதான் வரம்பு.

2015-ல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுகாதார சேவை தன் வழக்கமான பணிகளில் ஒரு குவாலியை ஏறத்தாழ 13,000 பவுண்டில் உருவாக்குகிறது என்று மதிப்பிட்டார்கள். அப்படியானால் 30,000 பவுண்டுக்கு ஒரு குவாலி வாங்கும்போது, வேறெங்கோ இரண்டுக்கும் மேல் இழக்க நேர்கிறது. நைஸ் 2000 முதல் 2020 வரை பரிந்துரைத்த புதிய மருந்துகளை ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வும் இதே திசையில் போகிறது. அம்மருந்துகள் ஏறத்தாழ 37.5 லட்சம் குவாலியைத் தந்தன, கூடுதல் செலவு 7,510 கோடி பவுண்டு. அதே பணத்தைச் சுகாதார சேவையின் மற்றப் பணிகளில் போட்டிருந்தால் ஏறத்தாழ 50 லட்சம் குவாலி கிடைத்திருக்கும் என்பது அந்த ஆய்வின் முடிவு.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் அழுத்தமும் குறைவில்லை. 2008-ல் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கான சுனிட்டினிப் உள்ளிட்ட நான்கு மருந்துகளை நைஸின் வரைவு ஏற்க மறுத்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2009 ஜனவரியில் புதிய விதி வந்தது. இரண்டு ஆண்டுக்கும் குறைவாகவே வாழக்கூடிய நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று மாத ஆயுளைக் கூட்டும் மருந்து என்றால் அதன் பலனுக்குக் கூடுதல் எடை தரலாம் என்றது அந்த விதி. அதன்படி மார்ச்சில் சுனிட்டினிப் ஏற்கப்பட்டது. 2022-ல் இந்த விதிக்குப் பதிலாக நோயின் கடுமையைக் கணக்கில் கொள்ளும் முறை வந்தது. கடுமையான நோய்களில் ஒரு குவாலி 1.2 ஆகவோ 1.7 ஆகவோ எண்ணப்படுகிறது. சிலருக்கு மட்டுமே வரும் மிக அரிய நோய்களுக்குத் தனி வழி உண்டு. அங்கே வரம்பு குவாலிக்கு 1,00,000 பவுண்டில் தொடங்கி, பலன் மிகப் பெரிதானால் 3,00,000 வரை உயரும். முதுகுத் தண்டுவடத் தசைநலிவு நோய் உள்ள குழந்தைகளுக்கு ஒரே ஒருமுறை போடும் மரபணு சிகிச்சையான ‘சோல்ஜென்ஸ்மா’ 2021-ல் ஏற்கப்பட்டது. அதன் பட்டியல் விலை 17.9 லட்சம் பவுண்டு. சுகாதார சேவை பேசி முடித்த தள்ளுபடி எவ்வளவு என்பது ரகசியம்.

2025 டிசம்பரில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட மருந்து விலை உடன்பாட்டின் ஒரு பகுதியாக, பொது வரம்பை 25,000 முதல் 35,000 பவுண்டாக உயர்த்துவதாக பிரிட்டன் அறிவித்தது. வரம்பு வெறும் பொருளியல் கணக்கு அல்ல, அரசியலுக்கும் வணிகத்துக்கும் உட்பட்டது என்பதை இது காட்டியது.

வழக்குகளும் விமர்சனங்களும்

வரம்பைச் சுற்றிப் போகும் முயற்சிகளும் நடந்தன. நைஸின் பரிந்துரை பெறாத புற்றுநோய் மருந்துகளுக்கென்றே இங்கிலாந்தில் 2010-ல் தொடங்கிய தனி நிதி, 2016-ல் மாற்றியமைக்கப்படும்வரை 100 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. பின்னர் நடந்த ஓர் ஆய்வு, அந்த நிதியில் இடம்பெற்ற 47 பயன்பாடுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 18-ல் மட்டுமே ஆயுள் நீடித்ததற்கு உறுதியான சான்று இருந்தது. அந்த நீட்சியின் நடுமதிப்பு 3.1 மாதம். 2016-க்குப் பின் இந்த நிதி, சான்று போதாத மருந்துகளைச் சில ஆண்டு தற்காலிகமாகக் கொடுத்துப் பார்த்து, தகவல் திரட்டி, மறுபடி மதிப்பிடும் வழியாக மாறியது.

நீதிமன்றத்திலும் நைஸ் நின்றிருக்கிறது. டோனெபெசில் போன்ற அல்சைமர் மருந்துகளை நோய் மிதமான கட்டத்தை எட்டியபின்தான் தர வேண்டும் என்று 2006-ல் கட்டுப்பாடு வந்தது. மருந்து நிறுவனம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. கணக்கிட்ட கணினி மாதிரியைப் பார்க்க மட்டும் அனுமதித்து, எண்களை மாற்றி இயக்கிப் பார்க்க விடாதது நியாயமற்றது என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ல் தொடக்க நிலை நோயாளிகளுக்கும் அம்மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. கணக்கை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும்படி வைப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி என்பது இந்த வழக்கால் நிலைபெற்றது.

குவாலி என்ற அலகின் மீதே அடிப்படையான விமர்சனம் உண்டு. உடற்குறை உள்ள ஒருவரின் வாழ்நாளுக்கு 0.6 என்று மதிப்புப் போட்டால், அவருடைய ஆயுளை ஓர் ஆண்டு நீட்டும் மருந்து, மற்றவரின் ஆயுளை நீட்டும் மருந்தைவிடக் குறைந்த மதிப்புப் பெறுகிறது. இது பாகுபாடு என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் வாதிடுகின்றன. அமெரிக்காவில் 2010-ல் வந்த சுகாதாரச் சட்டம், முதியோருக்கான அரசுக் காப்பீடு இத்தகைய வரம்பை வைத்து முடிவெடுப்பதைத் தடுக்கிறது.

பிற நாடுகளின் வழி

ஜெர்மனி வேறு பாதையில் போகிறது. அங்கே 2011 முதல், உரிமம் பெற்ற மருந்து உடனே சந்தைக்கு வருகிறது, தொடக்க மாதங்களில் நிறுவனம் கேட்ட விலையே தரப்படுகிறது. அதற்குள், பழைய சிகிச்சையைவிடக் கூடுதல் நன்மை உண்டா, இருந்தால் அது எந்த அளவு என்று ஒரு நிபுணர் அமைப்பு தரம் பிரிக்கிறது. அந்தத் தரத்தை வைத்துக் காப்பீட்டு நிதியங்கள் விலை பேசுகின்றன. கூடுதல் நன்மை இல்லை என்றால் பழைய மருந்தின் விலையைத் தாண்டிக் கிடைப்பது கடினம். பிரான்சும் மருந்து கொண்டுவந்த முன்னேற்றத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, அதன்படி விலை பேசுகிறது. ஒவ்வொரு நாடும் அதே சான்றுகளைத் தனித்தனியாகப் படிப்பதைக் குறைக்க, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் புதிய புற்றுநோய் மருந்துகளுக்கும் மரபணு, உயிரணு சிகிச்சைகளுக்கும் கூட்டு மதிப்பீட்டைத் தொடங்கியது. மருத்துவப் பலனை ஒன்றியம் சேர்ந்து ஆராயும், பணம் தருவதா என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும்.

பணக்கார நாடல்லாத தாய்லாந்து இத்துறையில் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. அனைவருக்கும் மருத்துவம் என்ற திட்டத்தை 2002-ல் கொண்டுவந்த அந்நாடு, 2007-ல் தனி மதிப்பீட்டு அமைப்பை உருவாக்கியது. அங்கே வரம்பு குவாலிக்கு 1,60,000 பாட். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி, அப்போதைய விலையில் கட்டுப்படியாகாது என்று மதிப்பீடு சொன்னதால் உடனே வாங்கப்படவில்லை. விலை இறங்கியபின் 2017-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, எல்லா நாடுகளும் இத்தகைய மதிப்பீட்டு முறையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தியாவில்

இந்தியாவில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இதற்கான அமைப்பு 2017-ல் உருவானது. அரசுத் திட்டங்களை நடத்துபவர்கள் கேள்வியை அனுப்புகிறார்கள். நாட்டின் பல பகுதிகளில் உள்ள ஆய்வு மையங்கள் ஆராய்கின்றன, ஒரு வாரியம் அதைப் பரிசீலித்துப் பரிந்துரை தருகிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஆய்வு மையங்களில் ஒன்று.

தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று ஊசி பற்றியது. ஒருமுறை பயன்படுத்திய சிரிஞ்சை மறுபடி பயன்படுத்துவதால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவுகின்றன. ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு ஒரு வகை. செவிலியரின் கையில் ஊசி குத்திவிடாமல் காக்கும் அமைப்புள்ளது இன்னொரு வகை. இரண்டுமே நல்லவை என்பதில் சந்தேகமில்லை. சாதாரண சிரிஞ்சைவிடக் கூடுதலாகும் செலவை, தடுக்கப்படும் நோய்களோடு வைத்துக் கணக்கிட்டபோது, மறுபயன்பாட்டைத் தடுக்கும் முதல் வகை செலவுக்கேற்ற பலன் தருவதாகத் தெரிந்தது. இரண்டாவது வகை அப்போதைய விலையில் அப்படித் தெரியவில்லை. இங்கே தனி வரம்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. தலா உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழக்கம். உடல்நிலைகளுக்கு இந்திய மக்கள் தரும் மதிப்பெண்களின் பட்டியலும் 2022-ல் வெளியாகிவிட்டதால், வேறு நாட்டாரின் மதிப்பெண்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

விலைக் கட்டுப்பாடு இதிலிருந்து வேறானது. 2017 பிப்ரவரியில் இதய இரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியும் விற்ற மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய்க்குள் வந்தது. அந்த உத்தரவு, பொருளை என்ன விலைக்கு விற்கலாம் என்பதைச் சொன்னது. எந்த நோயாளிக்கு ஸ்டென்டு தேவை, யாருக்கு மாத்திரையே போதும் என்பதைச் சொல்வது அதன் வேலை அல்ல. அதற்குத்தான் மதிப்பீடு வேண்டும்.

இந்திய அமைப்பின் பரிந்துரை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதைவிடப் பெரிய வேறுபாடு பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் மருந்துக்குப் பணம் தருவது ஒரே பொது நிதி என்பதால், அந்த நிதியின் சார்பில் ஒருவர் ‘இந்த விலைக்கு வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது. இந்தியாவில் மருந்துச் செலவில் பெரும்பகுதி இன்னமும் நோயாளியின் சொந்தக் கையிலிருந்தே போகிறது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்து தன் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா, அது தரப்போகும் மாதங்கள் எத்தனை என்ற கணக்கை, சான்றுகள் எதுவும் கையில் இல்லாமல், மருந்துக்கடையின் முன் நின்று அவரே போட்டாக வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத், தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போன்றவை எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தொகை என்ற பட்டியலை வைத்து இயங்குகின்றன. மதிப்பீட்டின் முடிவுகள் நேரடியாகப் பயன்படக்கூடிய இடம் அந்தப் பட்டியல்தான். அரசுக் காப்பீடு எவ்வளவு பேரை, எவ்வளவு நோய்களை உள்ளடக்குகிறதோ, அந்த அளவுக்கே இந்தியாவில் இந்தக் கணக்குகளுக்குப் பயன் இருக்கும்.